துபாய்க்கும் நெதர்லாந்துக்கும் போகிறேன்: ரோமிங் பேக்கா, இ-சிம்மா, அங்கத்திய சிம்மா?

நீங்கள் கேட்டிருப்பது விலை. கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக்கூழ் ஏற்றுமதி வேலையாக அக்டோபரில் துபாயில் 4 நாள், அங்கிருந்து நெதர்லாந்தில் ஒரு வாரம், நடுவில் ஒரு நாள் சுவிட்சர்லாந்து. இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போடுவதா, இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வாங்குவதா, இறங்கிய இடத்தில் சிம் வாங்குவதா, எது மலிவு என்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னும் மூன்று எழுதியிருக்கிறீர்கள்: பேங்க் ஓடிபி தவறாமல் வர வேண்டும், ராத்திரி குழந்தை தூங்குவதற்குள் வீடியோ காலில் பார்க்க வேண்டும், ஊருக்குத் திரும்பியதும் பில்லைப் பார்த்து மயக்கம் வரக் கூடாது. உண்மையான கேள்வி இந்த மூன்றும்தான். விலையைக் கடைசியில் பார்ப்போம்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. வேலை பெங்களூரில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரோமிங் பிரிவில். நம் ஊர் சிம் போட்ட போன் வெளிநாட்டில் இறங்கி ஆன் ஆனதும், அந்த நாட்டு நெட்வொர்க்கிலிருந்து நம் நெட்வொர்க்குக்கு ஒரு செய்தி வரும்: உங்கள் சந்தாதாரர் இங்கே வந்திருக்கிறார், சேர்த்துக்கொள்ளலாமா என்று. அதில் சிம்மின் அடையாள எண் 404, 405 என்று தொடங்கினால் இந்திய சிம். 424 ஐக்கிய அரபு அமீரகம், 204 நெதர்லாந்து, 228 சுவிட்சர்லாந்து. இந்த எண்கள் திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே சிம்முக்கும் டவருக்கும் நடுவில் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். பேக் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிற விஷயம்; அதில் என் பேச்சை நம்பாமல், கிளம்புகிற வாரம் உங்கள் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் எண் வேறு, நீங்கள் செலவழிக்கும் டேட்டா வேறு. இந்த இரண்டையும் ஒரே சிம் செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஓடிபி வருவதற்கு டேட்டாவே தேவையில்லை. இந்திய சிம் போனுக்குள் இருந்து, அந்த நாட்டு டவர் ஒன்றில் பதிவாகியிருந்தால் போதும், டேட்டா ரோமிங்கை முழுக்க அணைத்திருந்தாலும் எஸ்எம்எஸ் வந்து சேரும். நம் ஊர்ப் பெரிய நிறுவனங்கள் ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பதிவு நடக்க, சர்வதேச ரோமிங் வசதி உங்கள் எண்ணில் திறந்திருக்க வேண்டும். ப்ரீபெய்டு என்றால் அதற்கென்று ஒரு ரீசார்ஜ் போட்டால்தான் சில நிறுவனங்கள் திறந்துவிடும். பெங்களூர் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்துவிட்டு, கஸ்டமர் கேரிடம் "ரோமிங் ஆக்டிவ்வா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு. யுபிஐ ஆப்பையோ பேங்க் ஆப்பையோ புதிதாகப் பதிவு செய்தால், அது சத்தமில்லாமல் உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நீங்கள் யார் என்று சரிபார்க்கும். அங்கே போய் பேலன்ஸோ பேக்கோ இல்லாமல் அது போகாமல் நின்றால் ஆப்பும் திறக்காது. ஆகவே பயணத்துக்கு முந்தின வாரம் புதுப் போன் மாற்றுவது, பேங்க் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது, இந்திய சிம்மை முதல் ஸ்லாட்டிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவது, எதுவும் வேண்டாம். ஸ்லாட் மாறினாலே மறுபடி சரிபார்க்கச் சொல்லும் ஆப்கள் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு உபரியாக ஒன்று: சிம் மாறினால் ஐமெசேஜை மறுபடி பதிவு செய்ய அது தானாகவே வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அனுப்பாத எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போயிருக்கிறது என்று சண்டைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

அழைப்பு விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம். ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் இல்லை. "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று கேட்கிறவருக்கும் நிமிடக் கணக்கில் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

இனி டேட்டா. உங்கள் பயணத்தில் விஷயமே துபாய்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு காலத்தில் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெருங்கியதுமே போன் கர்நாடக டவரைப் பிடித்து, வருகிற காலுக்கும் காசு பிடிக்கும், நினைவிருக்கும். டவர் மாறியது, ஆனால் கணக்கு எழுதுகிறவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். வெளிநாட்டு ரோமிங்கிலும் டேட்டா அப்படித்தான். துபாய் டவர் உங்கள் போனிலிருந்து டேட்டாவை வாங்கிக்கொள்ளும், ஆனால் அங்கேயே இணையத்தில் இறக்கிவிடாது. ஒரு குழாய் வழியாக அப்படியே இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் கேட்வே, அதாவது இணையத்துக்கான வாசல், வரைக்கும் கொண்டுவந்து விடும். இணையத்துக்குள் நீங்கள் நுழைவது இந்தியாவில்தான். உங்கள் ஐபி முகவரியும் (இணையத்தில் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று காட்டும் எண்) இந்திய முகவரிதான். உள்ளூர் சிம் போட்டால் இது நேரெதிர்: அந்த ஊரிலேயே இறங்கி, அந்த ஊர்ச் சட்டதிட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள்.

அமீரகத்தில் இதன் விளைவு பெரிது. அங்கத்திய இணையத்தில் வாட்ஸ்அப் செய்தி, படம், வாய்ஸ் நோட் எல்லாம் போகும். வாய்ஸ் காலும் வீடியோ காலும் மட்டும் தடுக்கப்பட்டிருக்கின்றன. துபாய் விமான நிலையத்தில் இறங்கி அங்கத்திய சிம்மை வாங்கிப் போட்டீர்களானால், குழந்தை முகத்தைப் பார்க்கும் திட்டம் அன்று ராத்திரியே கவிழும். இந்திய சிம் ரோமிங்கில் டேட்டா இந்தியா வழியாகப் போவதால் வாட்ஸ்அப் கால் பொதுவாக வேலை செய்கிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ரோமிங் பேக் போட்டிருப்பார்கள், ஓட்டல் அறைக்குப் போனதும் "வைஃபை சும்மா கிடைக்கிறதே" என்று அதில் சேர்ந்துவிடுவார்கள். ஓட்டல் வைஃபை அமீரக இணையம். போன் எப்போதும் வைஃபையைத்தான் முதலில் எடுக்கும். கால் போகாது, பேக் போட்டும் வேலை செய்யவில்லை என்று நிறுவனத்தைத் திட்டுவார்கள். பேசப் போகும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பேசுங்கள். முடிந்ததும் வைஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், நெதர்லாந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம் பின்னால். காவேரிப்பட்டினத்தில் உங்கள் வீட்டில் குழந்தை 9 மணிக்குத் தூங்கும் என்றால் துபாயில் 7:30-க்குள் நீங்கள் அறைக்கு வந்தாக வேண்டும். நெதர்லாந்தில் 5:30, அதாவது மீட்டிங் முடிகிற நேரம்.

குழாய் வழியாக இந்தியாவுக்கு வருவது உறுதி. கால் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. ஆகவே கையில் மாற்று ஒன்று இருக்கட்டும். அமீரகத்தில் அனுமதிக்கப்பட்ட ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இரண்டும் ஓட்டல் வைஃபையிலும் ஓடும். ஏதாவது ஒன்றை வீட்டுப் போனில் இப்போதே ஏற்றி, ஒரு தடவை பேசிப் பழக்கிவிட்டுப் போங்கள். வேலைக்குப் போன நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் போட்டிம் என்ற கால் ஆப் வைத்திருப்பார்கள். அதுவும் அனுமதி பெற்றதுதான். விபிஎன் (ஐபி முகவரியை மறைக்கும் ஆப்) போட்டு வாட்ஸ்அப் பேசலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தில், ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தாலோ குற்றத்தை மறைத்தாலோ சிறையோடு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. வீட்டுக்குப் பேசியவரை அதில் பிடிப்பார்களா என்று விவாதிக்கலாம். நாலு நாள் வியாபாரத்துக்குப் போகிறவர் அந்த விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை.

இந்திய ஐபி முகவரியில் இன்னொரு லாபம் உண்டு. சில இந்திய அரசு இணையதளங்களும் பேங்க் தளங்களும் வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் திறக்காது, அல்லது சந்தேகப்பட்டு நிறுத்திவைக்கும். ஏற்றுமதிக் காகித வேலை பயணத்தின் நடுவில் வந்தால் ரோமிங் டேட்டா கைகொடுக்கும். அதற்கான விலை, தாமதம். ரோட்டர்டாமில் தெருமுனையில் நின்று வரைபடத்தைத் திறந்தால், பக்கத்துக் கட்டடத்தைக் காட்டக்கூட அந்தக் கோரிக்கை இந்தியா வந்துதான் திரும்புகிறது. துபாயில் இது அவ்வளவாகத் தெரியாது, ஐரோப்பாவில் தெரியும். வரைபடத்தில் நீங்கள் போகும் ஊர்களை இங்கேயே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

நெதர்லாந்துக்கு வந்தால் என் கணக்கு மாறுகிறது. அங்கே வாட்ஸ்அப் காலுக்குத் தடை இல்லை, ஒரு வாரம் தங்குகிறீர்கள், லேப்டாப்பும் ஓட வேண்டும். அங்கே உள்ளூர் சிம்மோ இ-சிம்மோதான் சரி. ப்ரீபெய்டு சிம் வாங்க நெதர்லாந்தில் அடையாளச் சான்று கட்டாயமில்லை. பக்கத்து ஜெர்மனியில் 2017 முதல் பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல், ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டில் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அந்த விதியை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொறி வைத்திருப்பது சுவிட்சர்லாந்து. அது ஐரோப்பாவின் நடுவில் இருந்தாலும் ஒன்றியத்தில் இல்லை, அந்த விதி அங்கே செல்லாது. சில டச்சு நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்துக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. இ-சிம்மிலும் "ஐரோப்பா" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாமல், நாடுகளின் பட்டியலை விரித்து சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு நாளுக்கு வைஃபையும் ஆஃப்லைன் வரைபடமுமே போதும். டேட்டாவை அணைத்துவிட்டு எல்லையைத் தாண்டுங்கள்.

இ-சிம் என்றால் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிப். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சிம் விவரம் அதில் ஏறும். உங்கள் போனில் அது உண்டா என்று தெரியவில்லை என்றீர்கள். டயல் செய்யும் இடத்தில் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) எண்களோடு, ஈஐடி என்று இ-சிம் சிப்புக்கான ஒரு நீளமான எண் வந்தால் உண்டு. பயண இ-சிம் விற்கிற எல்லோரிடமும் இந்தியாவிலிருந்து வாங்க முடியாது. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லையென்று 2024 ஜனவரியில் ஏரலோ, ஹோலாஃப்ளை இரண்டையும் முடக்கச் சொன்னது அரசு. ஆகவே அனுமதி உள்ளவரிடம் இங்கே வாங்குங்கள், இல்லையேல் டச்சு நிறுவனத்திடமே அங்கே போய் வாங்குங்கள். இங்கேயே வாங்கினால் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து நிதானமாக ஏற்றுங்கள். ஏற்றுவதற்கே இணையம் வேண்டும், பெரும்பாலான க்யூஆர் கோடு ஒரே தடவைதான் செல்லும். வேலை செய்யவில்லை என்று கோபத்தில் இ-சிம்மை அழித்துவிட்டால் மறுபடி ஏறாது.

வேலை செய்யவில்லை என்று எங்களிடம் வருகிற புகார்களில் அடிக்கடி பார்ப்பது ஒரு பொத்தான். பயண இ-சிம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம். நெதர்லாந்தில் அதுவும் ரோமிங்கில்தான் இருக்கிறது. ஆகவே அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன் செய்திருக்க வேண்டும். இந்திய சிம்முக்கு அதே டேட்டா ரோமிங் ஆஃப். "ரோமிங் என்றாலே காசு பிடுங்கும்" என்று பயந்து இரண்டையும் அணைத்தால் நெட் வராது. வரவில்லையே என்று இரண்டையும் ஆன் செய்தால் பில் வரும். இரண்டு சிம்முக்கும் தனித்தனிப் பொத்தான் அமைப்புகளில் இருக்கும், பெயரைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாறும் வசதி ஒன்றும் இருக்கும். அதை ஊரிலேயே அணைத்துவிடுங்கள்.

போனில் இ-சிம் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. இரண்டு சிம் ஸ்லாட் இருக்கிறதே. இரண்டாவது ஸ்லாட்டில் உள்ள சிம்மைக் கழற்றிவிட்டு டச்சு சிம்மைப் போடுங்கள். பேங்க்கில் பதிவான சிம் முதல் ஸ்லாட்டில் அசையாமல் இருக்கட்டும். சிம் எடுக்கும் ஊசியை பாஸ்போர்ட் உறையில் செருகி வையுங்கள், அங்கே போய் ஊக்கு தேட வேண்டியிருக்காது. இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இனி ஒத்துவராது. வாட்ஸ்அப் மாதிரியான செயலிகள், பதிவு செய்த சிம் போனிலேயே இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது.

விமானம் ஏறியதும் ஃப்ளைட் மோடு போடச் சொல்வதைப் பலர் கண்டுகொள்வதில்லை. பில் விஷயத்தில் அது முக்கியம். நீண்ட தூர விமானங்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு குட்டி டவர் இருக்கிறது. மேலே போனதும் அது இயங்கும். ஆன் ஆகியிருக்கும் போன் அதைப் பிடிக்கும். அதன் குறியீடு 901 என்று தொடங்கும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எண். நீங்கள் போட்ட அமீரகப் பேக் அங்கே செல்லாது, அதற்கு விமானப் பேக் என்று தனியாக இருக்கிறது. பேக் போட்டும் ஏன் இவ்வளவு பில் என்று வருபவர்களின் கணக்கைத் திறந்தால் அந்த 901 அடிக்கடி கண்ணில் படும். கடலில் போகும் சொகுசுக் கப்பலிலும் இதே கதைதான்.

எவ்வளவு டேட்டா வாங்குவது என்று எல்லோரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் கால் நிமிடத்துக்கு அரை எம்பி பக்கம், வீடியோ கால் சுமார் 5 எம்பி, சிக்னல் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. தினம் அரை மணி வீட்டோடு பேசினாலும் 150 முதல் 300 எம்பி. மெயிலும் வரைபடமும் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. டேட்டாவைத் தின்பது உங்களுக்குத் தெரியாமல் ஓடுகிறவை: போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், குடும்பக் குழுவில் வந்து விழும் கல்யாண வீடியோ. வாட்ஸ்அப் அமைப்பில் ரோமிங்கின்போது எந்த மீடியாவையும் தானாக இறக்க வேண்டாம் என்று தனி வரி இருக்கிறது, அதைப் பாருங்கள். இதையெல்லாம் விடப் பெரிய தீனி கம்பெனி லேப்டாப். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த மறுநிமிடமே விண்டோஸ் அதை வீட்டு வைஃபை என்று நினைத்து அப்டேட்டை இழுக்க ஆரம்பிக்கும். அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் திறந்து, மீட்டர் உள்ள இணைப்பு (metered connection) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் அடங்கும்.

இதே கேள்வியின் கீழே இருவர், மகள் வீட்டுக்கு சிங்கப்பூர், அமெரிக்கா போகும் பெற்றோருக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது, 3ஜி 2024-இல் நின்றது. அப்பா சட்டைப் பையில் இருக்கும் பழைய பட்டன் போன் அங்கே எவ்வளவு ரீசார்ஜ் செய்தாலும் டவர் பிடிக்காது. வடக்கே உட்லேண்ட்ஸ் பக்கம் வீடு என்றால் போன் அவ்வப்போது எதிர்க்கரை மலேசிய டவரைப் பிடிக்கும், ஆகவே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 6 மாதம் இருக்கப் போகிறவர்களுக்கு இந்தியச் சிம் உயிரோடு இருப்பதே பெரிய கவலை; 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். போகும் முன் ஓராண்டு ரீசார்ஜ் போட்டுவிட்டு, ரோமிங்கைத் திறந்து வையுங்கள். மகளின் பழைய போனைக் கொடுத்து அனுப்பும் யோசனை இருந்தால், அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் போடும் இடமே கிடையாது என்பதையும் கவனியுங்கள். பேங்க்கில் பதிவான சிம்மை இங்கேயே இ-சிம்மாக மாற்றிய பிறகுதான் அதில் ஓடிபி வரும்.

இப்போது உங்கள் விலைக் கேள்வி. துபாய்க்கு இந்திய சிம்மில் அமீரக ரோமிங் பேக், 4 நாளுக்கு ஒரே பேக்காக. தினசரி பேக் எடுத்தால் அந்த "நாள்" 24 மணி நேரமா, இந்திய நள்ளிரவில் முடிவதா என்று விதியில் படித்துவிடுங்கள்; இந்திய நள்ளிரவுக்குச் சற்று முன்பு இறங்குகிறவருக்கு அதில் ஒரு நாள் காசு போகும். நெதர்லாந்துக்கு உள்ளூர் சிம் அல்லது இ-சிம், 5 ஜிபி போதும். இந்திய சிம் ஓடிபிக்கு மட்டும். முழுப் பயணத்துக்கும் ஒரே உலக ரோமிங் பேக் போட்டால் தலைவலி குறைவு, கம்பெனி காசு கொடுக்கிறது என்றால் நானும் அதைத்தான் போடுவேன். அப்படிப் போட்டாலும் பட்டியலில் மூன்று நாடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிபி எங்காவது வராமல் அடம் பிடித்தால் ஃப்ளைட் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். அப்படியும் இல்லையென்றால் அமைப்புகளில் நெட்வொர்க் தானியங்கியை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ள வேறு நிறுவனத்தைத் தொடுங்கள்; துபாயில் எடிசலாட் பிடித்திருந்தால் டூவுக்கு, நெதர்லாந்தில் கேபிஎன் என்றால் வோடஃபோனுக்கு. அது எங்கள் திரையில் புதிய பதிவாக வந்து விழும், தேங்கிய எஸ்எம்எஸ் பெரும்பாலும் பின்னாலேயே வரும். *#06# போட்டுப் பார்த்துவிட்டு போன் மாடலை இங்கே எழுதுங்கள். ஈஐடி இல்லையென்றால் இரண்டாவது ஸ்லாட் மெமரி கார்டோடு பங்கு போடுகிற ரகமா என்று சொல்கிறேன். அப்படியென்றால் கார்டில் உள்ள படங்களை முன்னாடியே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.